ஏடுகளைக் கைது செய்த ஆட்சி

நியூயார்க்கு நகரில், கிழக்குப் பதினைந்தாம் தெருவில், 7 ஆம் எண்ணுள்ள கட்டடத்திலே ஒரு பள்ளி இருந்தது. பகலெல்லாம் பட்டறையிலும் தையற்கூடத்திலும் பாடுபட்ட உழைப்பாளர்கள், பொழுது சாய்ந்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்து, பொருளாதாரமும் வரலாறும் மேடைப்பேச்சும் பயின்ற பள்ளி. ராண்ட் சமூக விஞ்ஞானப் பள்ளி என்பது அதன் பெயர். 1906 இல் சமதர்மக் கட்சியினர் நிறுவியது. 1919 ஜூன் 21, சனிக்கிழமையன்று, அந்தப் பள்ளிக்கு மாணவர் அல்லாத ஒரு கூட்டம் வந்தது. மாநிலக் காவலர் சிலர். போர்க்காலத்தில் அண்டை வீட்டாரை ஒற்றறிந்து பழகிய தனியார் கழகமொன்றின் மாஜி அங்கத்தினர் பலர். கையிலே சோதனை வாரண்டு.

எதைத் தேடி வந்தனர்? வெடிகுண்டையா? துப்பாக்கியையா? கள்ள நாணய அச்சையா? இல்லை, தோழர்களே, இல்லை! தாளைத் தேடி வந்தனர். அச்சிட்ட தாள், தட்டச்சு செய்த தாள், கையால் எழுதிய தாள், எழுதி முடிக்காத தாள்! மேசைகளைத் துழாவினர். கடிதக் கட்டுகளை அள்ளினர். இரும்புப் பெட்டி திறக்கவில்லை. அதற்காகத் திங்கட்கிழமை மீண்டும் வந்தனர், துளையிட்டுத் திறந்தனர். உள்ளே இருந்தது என்ன? மேலும் தாள்!

அதே நாளில் உலகத் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமும், சமதர்மக் கட்சியின் இடதுசாரிப் பிரிவினரின் அலுவலகமும் இதே சடங்குக்கு ஆளாயின. அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜூன் 12 அன்று, மேற்கு நாற்பதாம் தெருவில் இருந்த ரஷ்ய சோவியத் அலுவலகத்திலே இதற்கு ஒத்திகை நடந்தது. லுட்விக் மார்ட்டென்ஸ் என்பவர் அங்கே அமர்ந்து, அமெரிக்க வணிக நிறுவனங்களோடு சரக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கடிதக் கோப்புகளும் வண்டியேறின.

இந்த வேட்டையை நடத்தியது எது? நீதிமன்றமா? காவல்துறையா? நாடு முழுதாளும் வாஷிங்டன் சர்க்காரா? அல்ல. நியூயார்க்கு மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து அமைத்த ஒரு விசாரணைக் குழு. ராஜத்துவேஷ நடவடிக்கைகளை விசாரிக்கும் கூட்டுக் குழு என்று நீளமான பெயர் அதற்கு. மக்கள் அதைத் தலைவரின் பெயரால் லஸ்க் குழு என்றே அழைத்தனர். கிளேட்டன் லஸ்க் மேலவைக்குப் புதியவர். விசாரிப்பதுதான் குழுவின் வேலை. ஆனால் விசாரணை என்பது அதன் கையிலே வேட்டையாக மாறிற்று.

"ஏன் கூடாது? அப்போது குண்டுகள் வெடித்தனவே! ஆளும் சர்க்கார் கைகட்டி வாய் பொத்தி நிற்க வேண்டுமா?" என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும். நியாயமான கேள்வி. மழுப்பாமல் விடை கூறுவோம்.

குண்டுகள் வெடித்தன. அது பொய்யல்ல. 1919 ஏப்ரல் இறுதியில், அமைச்சர், நீதிபதி, செல்வர் என முப்பத்தாறு பேருக்குத் தபாலிலே குண்டுப் பொட்டலங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் பதினாறு, போதிய தபால் தலை ஒட்டாத குறையால், நியூயார்க்கு அஞ்சலகத்திலேயே தங்கிவிட்டன. ஆனால் ஒன்று ஜார்ஜியா மாநிலத்தில் மாஜி செனட்டர் ஒருவர் வீட்டை எட்டிற்று. அதைப் பிரித்த பணிப்பெண்ணின் கைகள் சிதைந்தன. அவள் எந்தச் சட்டம் இயற்றினாள்? எந்தத் தொழிலாளியின் கூலியைக் குறைத்தாள்? ஜூன் 2 ஆம் நாள் இரவு எட்டு நகரங்களில் குண்டுகள் வெடித்தன. தலைமை வழக்குரைஞர் பால்மரின் வாஷிங்டன் வீட்டு முகப்பு நொறுங்கிற்று. குண்டைக் கொண்டு வந்தவனும் அங்கேயே சிதறி மாண்டான். அந்தச் செயலைச் செய்தோர் பிடிபட்டிருக்க வேண்டும், தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அதிலே இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பாருங்கள். லஸ்க் குழுவை அமைக்கும் தீர்மானம் நிறைவேறிய நாள் 1919 மார்ச் 26. முதற் குண்டுப் பொட்டலம் தபாலில் சேர்வதற்கு ஒரு மாதம் முன்னரே குழு பிறந்துவிட்டது! நோய் வருமுன் மருந்து அரைத்தார்களாம். மருந்து அரைத்த இடமோ யூனியன் லீக் மன்றம் என்னும் செல்வச் சீமான்களின் மாளிகை. அங்கே பொதுவுடைமை பற்றி ஆராய்ந்த ஒரு சிறு குழுவின் முதல்வர் ஆர்ச்சிபால்ட் ஸ்டீவன்சன் என்னும் வழக்கறிஞர். சட்டமன்றம் குழுவை அமைத்ததும் அதன் வழக்கறிஞராக வந்து அமர்ந்தவரும் அவரே. இரண்டாவது செய்தி: ஜூன் 2 குண்டுகளுக்காக எவரும் தண்டனை பெறவே இல்லை. வண்டி வண்டியாகத் தாள் சேர்ந்தது. குண்டு வைத்தவன் மட்டும் அந்தத் தாளிலே கிடைக்கவில்லை. கிடைப்பானா? குண்டு செய்பவன் மாலைப் பள்ளியிலே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டா போவான்!

இந்த ஸ்டீவன்சன் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது; ஏனெனில் இத்தகையவர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் கிடைப்பார்கள். அதே 1919 ஜனவரியில், செனட் குழு ஒன்றின் முன் வந்து, போரின்போது சமாதானம் பேசிய ஆபத்தானவர்கள் என்று 62 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை நீட்டினார். சிக்காகோவில் ஏழைகளுக்கென இல்லம் அமைத்துத் தொண்டாற்றிய ஜேன் ஆடம்ஸ் அம்மையார் அதிலே இருந்தார். வரலாற்றுப் பேரறிஞர் சார்லஸ் பியர்டு இருந்தார். போர் அமைச்சர் நியூட்டன் பேக்கரே வெட்கித் தலைகுனிந்து, அந்தப் பட்டியலுக்கும் தம் துறைக்கும் தொடர்பில்லை என்றார். ஆடம்ஸ் அம்மையாரை வெளிப்படையாகப் போற்றினார். 1931 இல் அதே அம்மையாருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டீவன்சனுக்கு? இரண்டே மாதத்தில் லஸ்க் குழுவின் வழக்கறிஞர் பதவி!

இனி அந்தத் தாள்களைப் பற்றிப் பேசுவோம். ராண்ட் பள்ளியிலே ஒரு புத்தகக் கடையும் இருந்தது. மார்க்சின் நூலா? சில்லறை கொடுத்தால் கிடைக்கும். சமதர்மக் கட்சியின் துண்டு வெளியீடா? அதைவிட மலிவு. யாரும் நுழையலாம், யாரும் வாங்கலாம், போலீஸ்காரரும் வாங்கலாம். அப்படியானால், கடையிலே காசு கொடுத்து வாங்கக் கூடிய சரக்குக்காக ஏன் வாரண்டு? ஏன் துளைக்கருவி? இங்கேதான், தோழர்களே, நாம் நிதானித்து எண்ண வேண்டும். துண்டு வெளியீட்டை அவர்கள் ஊருக்குக் காட்டினார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது அது மட்டுமல்ல. கடிதப் போக்குவரத்து வேண்டும். முகவரிப் பட்டியல் வேண்டும். யார் சந்தா கட்டினார், யார் நன்கொடை தந்தார், எந்த ஊர்ச் சங்கம் எந்தப் பேச்சாளரை அழைத்தது, எந்த மாணவி எந்த வகுப்பிலே சேர்ந்தாள் என்னும் விவரம் வேண்டும். ஒரு கருத்தைக் கடையிலே வாங்கிவிடலாம். அந்தக் கருத்தை யார் யார் படிக்கிறார்கள் என்பதைக் கடையிலே வாங்க முடியாது; அதற்குத்தான் கதவை உடைக்க வேண்டும்.

பிரசாரத்தைத் திரட்டுகிறோம் என்று ஓர் ஆட்சி கூறும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: திரட்டுவது எழுதியவனையா, படித்தவனையா? எழுதியவன் பெயர் அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது. அவன் ஒளியவில்லை. படித்தவன்தான் அஞ்சலட்டையிலே முகவரி எழுதி அனுப்பிவிட்டு, அது தனக்கும் புத்தகக் கடைக்கும் இடையே உள்ள செய்தி என்று நம்பி இருக்கிறான்.

எழுதியவனுக்கும் வெளியிட்டவனுக்கும் நேர்ந்த ஒரு வேடிக்கையையும் இவ்விடத்தில் கூறிவிடுகிறேன். ஸ்காட் நியரிங் என்னும் பேராசிரியர், உலகப் போரைப் பெரும் பைத்தியம் என்று கண்டித்து ஒரு துண்டு வெளியீடு எழுதினார். ராண்ட் பள்ளியை நடத்திய சங்கம் அதை அச்சிட்டது. 1919 தொடக்கத்தில் இருவர் மீதும் வழக்கு. எழுதியவர் குற்றவாளி அல்லர் என்று ஜூரிகள் விடுதலை செய்தனர். அதே எழுத்தை அச்சிட்ட சங்கம் குற்றவாளி என்றனர். அபராதம் 3,000 டாலர்! எழுத்திலே இல்லாத குற்றம் மையிலே எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? மையைக் காய்ச்சியவனைக் கேட்டால் தெரியுமோ என்னவோ.

பள்ளியை இழுத்து மூட, அதன் உரிமைப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரி மாநிலத் தலைமை வழக்குரைஞர் வழக்குத் தொடுத்தார். பள்ளிக்காக வாதாட வந்தவர் சாமுவேல் அண்டர்மையர். பெருஞ்செல்வர், சமதர்மத்தை ஏற்காதவர். தமக்கு அக்கொள்கையிலே உடன்பாடு இல்லை என்று கூறிக்கொண்டே, அக்கொள்கைக்கு வாழ உரிமை உண்டு என்று வாதாடினார். ஜூலை முடிவதற்குள் வழக்குத் தள்ளுபடியாயிற்று; சர்க்கார் தரப்பு ஆயத்தமாகவே இல்லை. வண்டி நிறையத் தாள் வைத்திருந்தும் ஆயத்தமில்லை!

பிடிபட்ட தாள்களில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஜமைக்காவிலே பிறந்து, நியூயார்க்கிலே குடியேறி, கறுப்பின மக்களின் ஏடான 'நீக்ரோ வேர்ல்டு' இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் டபிள்யூ. ஏ. டொமிங்கோ. அவர் எழுதிய கையெழுத்துப் படி ஒன்று ராண்ட் பள்ளியின் கோப்பிலே இருந்தது. அதன் சாரம் என்ன? சமதர்மத் தோழர்களே, நீங்கள் கறுப்பினத் தொழிலாளியை மறந்து திரிகிறீர்கள்; உங்கள் சங்கங்கள் அவனைச் சேர்ப்பதில்லை; இப்படியே போனால் முதலாளி அவனையே உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவான்; ஆகவே அவனிடம் செல்லுங்கள், அவனுக்குக் கற்பியுங்கள், அவனைச் சமமாக நடத்துங்கள் என்பதுதான். அதாவது, ஒரு கறுப்பர் வெள்ளைத் தோழர்களைப் பார்த்துச் செய்த கண்டனம்! லஸ்க் குழுவின் கண்ணிலே அது எப்படித் தோன்றிற்று? கறுப்பரைத் தூண்டிவிடும் சதித்திட்டம்! விசாரணையிலே வாசித்தார்கள், செய்தித்தாள்களுக்குத் தீனி போட்டார்கள். நீக்ரோக்களிடையே பிரசாரம் என்று தம் அறிக்கையிலே தனி அத்தியாயமே வகுத்தார்கள்.

அந்த ஆண்டுக் கோடையை மறவாதீர்கள். ஜூலையில் வாஷிங்டனிலே வெள்ளையர் கும்பல்கள் கறுப்பரைத் தெருவிலே இழுத்து அடித்தன. அம்மாத இறுதியில் சிக்காகோவிலே மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களில் 23 பேர் கறுப்பர். மிச்சிகன் ஏரியிலே நீந்திய கறுப்புச் சிறுவன் ஒருவன், வெள்ளையர் தமக்கென வைத்துக்கொண்ட நீர்ப்பகுதிக்குள் மிதந்து சென்றான் என்று கல்லெறிந்ததிலே தொடங்கிய கலவரம். நீருக்கும் நிறம் வகுத்தவன் கலகக்காரன் அல்லனாம்! சமமாக நடத்துங்கள் என்று எழுதியவன் கலகக்காரனாம்! ஒடுக்கப்பட்டவன் வாய் திறந்தால், அவன் சொந்த வாயால் பேசவில்லை, எவனோ தூண்டிவிட்டான் என்று கூறுவது ஆதிக்கக்காரரின் பழைய பல்லவி. அவனுக்கென ஒரு மூளை உண்டு, அதிலே வேதனை உண்டு, வேதனையிலிருந்து வாதம் பிறக்கும் என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வருவதில்லை.

நவம்பர் 8 ஆம் நாள் இரவு, வேட்டை விரிவடைந்தது. நியூயார்க்கு நகரிலே எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை. நூற்றுக்கணக்கான போலீசார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. பெரும்பாலோர் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடப்பட்டனர். தாள்கள் மட்டும் விடப்படவில்லை. அன்று அகப்பட்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் கிட்லோ. முன்னர் சட்டசபை உறுப்பினராக இருந்தவர். அவர் செய்த குற்றம், 1919 ஜூலை 5 ஆம் நாளிட்ட 'ரெவல்யூஷனரி ஏஜ்' என்னும் ஏட்டிலே இடதுசாரி அறிக்கையை வெளியிட்டது. அச்சான படிகள் 16,000. அதைப் படித்து யாராவது கல் எறிந்தார்களா? வேலைநிறுத்தம் தொடங்கினார்களா? வெளியீட்டால் எந்த விளைவும் ஏற்பட்டதற்குச் சான்று இல்லை என்று பின்னர் உச்சநீதிமன்றமே குறித்தது. ஆயினும், 1901 இல் அதிபர் மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து 1902 இல் இயற்றி, பெரும்பாலும் உறையிலே கிடந்த அராஜகக் குற்றச் சட்டம் என்னும் துருப்பிடித்த வாளை உருவினார்கள். கிளாரன்ஸ் டாரோ போன்ற பேர்பெற்ற வழக்கறிஞர் வாதாடியும் பயனில்லை. 1920 பிப்ரவரியில் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை என்று தீர்ப்பு. அயர்லாந்துத் தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் லார்கினுக்கும் பின்னர் அதே தண்டனை.

இப்போது கேளுங்கள் கூத்தை! அதே 1920 இல் லஸ்க் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. புரட்சித் தீவிரவாதத்தின் வரலாறும் நோக்கமும் தந்திரமும் என்பது பொருள் கொண்ட தலைப்பு. நான்கு பெருந்தொகுதிகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அதிலே என்ன இருக்கிறது? குழுவினர் சிந்தித்து எழுதியது கொஞ்சம். மிச்சம்? பறித்த சரக்கு! சோவியத் ஆவணங்களின் மொழிபெயர்ப்பு, பொதுவுடைமை அகிலத்தின் பிரகடனங்கள், கட்சிகளின் வேலைத்திட்டங்கள், தொழிற்சங்கங்களின் விதிகள், பத்திரிகைப் பகுதிகள், பக்கம் பக்கமாக, தொகுதி தொகுதியாக! எந்த அறிக்கையை அச்சிட்டதற்காகக் கிட்லோ கம்பி எண்ணினாரோ, அந்த இடதுசாரி அறிக்கையும் முதல் தொகுதியிலே அழகாக அச்சாகி இருக்கிறது. மாநிலத்தின் செலவில், மாநிலத்தின் காகிதத்தில்! அச்சிட்டவனுக்குச் சிறை என்றால், அந்தச் சட்டப்படி லஸ்க் பெருமகனாருக்கு எத்தனை ஆண்டு?

"அவர் கண்டிப்பதற்காக அச்சிட்டார்" என்பர். கண்டித்தாரா? பின்னிரண்டு தொகுதிகளையும் புரட்டிப் பாருங்கள். ஆக்கபூர்வ இயக்கங்கள் என்ற தலைப்பிலே, வந்தேறிகளை அமெரிக்கராக்கும் வகுப்புகள், குடிமைப் பயிற்சித் திட்டங்கள் என்று சலிப்பூட்டும் விவரங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. தையற்கூடத்திலே பன்னிரண்டு மணிநேரம் குனிந்திருந்தவள் ஏன் அந்தத் துண்டு வெளியீட்டை வாங்கினாள்? போருக்குப் பின் விலைவாசி ஏன் ஏறிற்று? 1919 இல் உருக்காலைத் தொழிலாளரும் நிலக்கரித் தொழிலாளரும் இலட்சக்கணக்கில் ஏன் வேலைநிறுத்தம் செய்தனர்? இந்தக் கேள்விகளுக்கு நேர்நின்று விடை கூறியிருந்தால் அது கண்டனம். எதிரியின் வாதத்தைப் பிரதி எடுத்து, இதோ பார் பயங்கரம் என்று விரல் நீட்டுவது பூச்சாண்டி காட்டுவது.

நான் ஆசிரியன். மாணவன் ஒருவன் விபரீதமான கருத்தை எழுதிவிட்டான் என்றால் நான் செய்ய வேண்டியது அவன் நோட்டுப் புத்தகத்தைப் பறித்துப் பூட்டி வைப்பதல்ல; ஓரத்திலே சிவப்பு மையில், எங்கே தவறு, ஏன் தவறு என்று எழுதிக் கொடுப்பது. அதற்கு எனக்குப் பொறுமையும் விஷய ஞானமும் வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்குத்தான் பூட்டு வேண்டும்.

கிட்லோவின் வழக்கு 1925 ஜூன் 8 அன்று உச்சநீதிமன்றத்திலே முடிந்தது. பேச்சுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு முதன்முதலாக ஏற்றது. ஏற்ற கையோடு, ஒரு சிறு பொறியும் பெருந்தீ ஆகலாம் என்று கூறிக் கிட்லோவின் தண்டனையை உறுதி செய்தது! ஹோம்ஸ், பிராண்டைஸ் என்னும் இரு நீதிபதிகள் மட்டும் மாறுபட்டனர். எந்தக் கருத்தும் ஒருவகையில் தூண்டுதல்தான், உடனடி ஆபத்து எங்கே என்பது ஹோம்ஸ் எழுப்பிய கேள்வி. ஆண்டு முடிவதற்குள் கவர்னர் ஆல் ஸ்மித் கிட்லோவுக்கு மன்னிப்பு வழங்கினார். பின்னாளில் இதே கிட்லோ பொதுவுடைமையை உதறிவிட்டு, 1939 இல் டைஸ் குழுவின் முன் சாட்சி கூறப் போனார். அதற்காக 1920 தீர்ப்பு சரியாகிவிடுமா? ஒருவன் பின்னர் என்ன ஆனான் என்பதைக் கொண்டு அவனுக்கு முன்னர் இருந்த உரிமையை அளப்பது பேதைமை.

திரட்டிய தாள் எங்கெங்கே பாய்ந்தது என்பதையும் காண்க. 1920 ஜனவரி 7 ஆம் நாள், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஐந்து சமதர்மக் கட்சி உறுப்பினர்கள் நியூயார்க்கு சட்டசபையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். 150 பேர் கொண்ட சபையிலே ஐவர்! அந்த ஐவரால் ஆட்சி கவிழ்ந்துவிடுமாம்! அவர்கள் எழுந்து ஒரு மசோதாவை எதிர்த்தார்களா? ஒரு திருத்தம் கொடுத்தார்களா? ஒன்றும் இல்லை, கூட்டத் தொடரின் முதல் நாளே அழைத்து நிற்க வைத்தார்கள். அவர்களுக்கு எதிரான சான்று லஸ்க் குழுவின் சேகரம். வாதாடியவர்களுள் ஒருவர் நம் ஸ்டீவன்சன். குடியரசுக் கட்சியின் சார்பில் 1916 இல் அதிபர் தேர்தலுக்கு நின்ற சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், இது பிரதிநிதித்துவ ஆட்சியின் வேரையே அறுப்பது என்று கண்டித்தார். காது கொடுப்பார் இல்லை. ஏப்ரல் 1 அன்று ஐவரும் வெளியேற்றப்பட்டனர். நாளைத் தேர்ந்தெடுத்தவர்களின் நகைச்சுவை உணர்வைப் பாராட்டத்தான் வேண்டும். செப்டம்பரில் இடைத்தேர்தல். ஐவரையும் அதே மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர்! சபை மூவரை மீண்டும் துரத்திற்று. மற்ற இருவர், இந்தச் சபையிலே எங்களுக்கு இருக்கை வேண்டாம் என்று தாமே விலகினர்.

அடுத்து வந்தது ஆசிரியர் முறை. லஸ்க் குழுவின் பரிந்துரைப்படி, பொதுப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் அரசுக்கு விசுவாசமானவர் என்று கல்வி ஆணையரிடம் நற்சான்று பெற வேண்டும். தனியார் பள்ளிகள், சமயப் பள்ளிகள் நீங்கலாக, உரிமம் பெற வேண்டும் என்று மசோதாக்கள் வந்தன. சமயப் பள்ளிகளுக்கு விலக்கு! சந்தேகப்படாமல் நம்பச் சொல்லும் பள்ளிக்கு உரிமம் வேண்டாம். சந்தேகிக்கக் கற்றுத்தரும் பள்ளிக்கு வேண்டும். 1920 இல் ஆல் ஸ்மித் அவற்றைத் தடுத்து நிறுத்தினார். அவர் தோற்று, நேதன் மில்லர் கவர்னரானதும், 1921 இல் அவை சட்டமாயின. ராண்ட் பள்ளி உரிமம் கேட்க மறுத்தது, நீதிமன்றம் ஏறிற்று.

அந்த நற்சான்று எப்படி வழங்கப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியரைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் ஓர் ஆலோசனைக் குழு அவரைத் தனியறையிலே அழைத்துக் கேட்கும். அந்தக் குழுவிலும் ஸ்டீவன்சன்! வகுப்பிலே வரலாறு நடத்துபவர் ரஷ்யா என்ற சொல்லை உச்சரிக்குமுன் கதவைப் பார்ப்பார். மாணவன் எழுந்து, "ஐயா, வேலைநிறுத்தம் ஏன் நடக்கிறது?" என்று கேட்டால், "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்பார். அவர் கோழை அல்லர். அவருக்கும் வீடு உண்டு, வாடகை உண்டு, மாதச் சம்பளத்தை எதிர்பார்க்கும் தாய் உண்டு. ஆட்சி ஒரு தாளைக்கூடப் பறிக்க வேண்டியதில்லை. அவரே தம் அலமாரியிலிருந்து சில புத்தகங்களை எடுத்துவிடுவார். அந்த அலமாரியிலே ஏற்பட்ட இடைவெளியை எந்த அறிக்கையும் கணக்கெடுக்கவில்லை. இதை எழுதும்போது என் மேசைக்கு மேலுள்ள அலமாரியை நானும் நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

1923 இல் மீண்டும் கவர்னராகிவிட்ட ஆல் ஸ்மித், அச்சட்டங்களை ரத்துச் செய்யும் மசோதாக்களிலே கையெழுத்திட்டார். அதற்குள் லஸ்கின் புகழும் மங்கிற்று. விசுவாசத்தை அளந்த அந்தப் பெருமகன், நியூயார்க்கு நகரத் துப்பறிவோரிடமிருந்து வெள்ளிப் பாத்திரங்களைப் பரிசாகப் பெற்ற செய்தி வெளிப்பட்டது. அவர்களுக்கு நலம் தரும் மசோதா ஒன்று சபையிலே நிறைவேறியதை ஒட்டி வந்த பரிசு அது. வெள்ளியிலே ராஜத்துவேஷம் இல்லை போலும்!

இன்னொரு தாளையும் குறிப்பிட வேண்டும். அது ஒரு வரைபடம். ராணுவ உளவுத்துறையில் பணியாற்றிய ஜான் ட்ரெவர் என்பவர், நியூயார்க்கு நகரிலே எந்தத் தெருவில் யூதர், எந்தத் தெருவில் இத்தாலியர், எந்தத் தெருவில் ரஷ்யர் என்று நிறம் தீட்டிய படத்தை லஸ்க் குழுவுக்காகத் தயாரித்தார். பிரசாரத்தைத் தேடப் போனவர்கள் பிறப்பைக் கண்டுபிடித்து வந்தனர்! கருத்துக்குக் காரணம் பசியல்ல, கூலியல்ல, குலம் என்று ஆயிற்று. அதே ட்ரெவர் பின்னர் 1924 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தை வகுத்தவர்களுக்குப் புள்ளிவிவரம் தயாரித்துக் கொடுத்தார். தெற்கு, கிழக்கு ஐரோப்பிய ஏழைகளுக்குக் கதவை ஏறத்தாழ மூடி, ஆசிய மக்களை அடியோடு விலக்கிய சட்டம் அது.

சில ஆராய்ச்சியாளர்கள் வேறொன்று கூறுவர். ஆல்பனி நகரிலே நியூயார்க்கு மாநில ஆவணக் காப்பகத்தில் லஸ்க் குழுவின் பதிவுகள் இருக்கின்றன. ராண்ட் பள்ளியிலும் சோவியத் அலுவலகத்திலும் பறித்த கோப்புகள் தனித்தனியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அன்றைய தொழிலாளர் இயக்கத்தை ஆராய்வோர்க்கு அவை களஞ்சியம். ஆகவே பறித்தவர்கள், தம்மை அறியாமலே, வரலாற்றுக்குத் தொண்டு செய்தனர் என்பர். உண்மையிலே அது களஞ்சியம்தான். அந்தக் கோப்புகளை நாம் படிக்க வேண்டும், படிக்கிறோம். ஆனால் அதற்காக நன்றி கூறச் சொல்வது, திருடன் நகையைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தான் என்று அவனுக்கு மாலை போடச் சொல்வதாகும். ராண்ட் பள்ளி தன் கடிதங்களைத் தானே பாதுகாத்திருக்கும். ஓர் ஏழை மாணவியின் விண்ணப்பம், அவள் நம்பி எழுதிய வரிகள், அவளைக் கேளாமலே காப்பகத்திலே கிடக்கின்றன. அவளை மன்னிக்க வேண்டிய குற்றவாளியாகவும் ஆக்கவில்லை, விடுவிக்கவும் இல்லை. சான்றுப் பொருளாக்கினார்கள், அவ்வளவே.

லஸ்க் சட்டங்கள் ஒழிந்ததோடு கதை முடிந்ததா? 1949 இல் அதே மாநிலம் ஃபைன்பர்க் சட்டம் என்ற பெயரிலே அதே சரக்கைப் புதிய தாளிலே சுற்றிக் கொடுத்தது. நாசவேலை அமைப்புகளின் பட்டியலைக் கல்விக் குழு தயாரிக்க வேண்டும். அதிலுள்ள அமைப்பிலே அங்கம் வகிப்பது ஆசிரியரை நீக்கப் போதுமான முகாந்திரம். 1952 இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. நியூயார்க்கு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் ஆங்கிலம் போதித்த ஹாரி கெயிஷியனும் அவருடைய தோழர்களும் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லோம் என்று உறுதிமொழி எழுதித் தர மறுத்தனர். வேலை போகும் என்றனர். போகட்டும் என்று வழக்கு மன்றம் சென்றனர். 1967 ஜனவரி 23 அன்று தீர்ப்பு வந்தது. சட்டம் வீழ்ந்தது. ஐந்து நீதிபதிகள் அவர்கள் பக்கம், நால்வர் எதிர்ப்பக்கம்.